நாலணாச் சீட்டும் சிட்டைப் புத்தகமும்

கேள்வி: ஐயா, வணக்கம். எங்களுக்கு ஊர் பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறைக்குப் பக்கம். என் அம்மாவின் அப்பா, எங்கள் அப்பிச்சி, அந்தக் காலத்தில் அரிசி, கடலை எண்ணெய் மண்டி வைத்திருந்தவர். பழைய வீட்டை இடிக்கும்போது பரணிலிருந்து ஒரு தகரப் பெட்டி கிடைத்தது. உள்ளே பாதியாக வெட்டிய பச்சை நிற 10 ரூபாய் நோட்டு ஒன்று, அதில் மெட்ராஸ் என்றும் 1898 என்றும் இருக்கிறது. ராஜா தலை போட்டு மூன்றணா என்று அச்சடித்த நீளத் தாள் ஒன்று. திருவிதாங்கூர் நேஷனல் அண்ட் குயிலான் பேங்க் என்ற பெயரில் ஒரு ரசீது. நெல்லியாம்பதி எஸ்டேட் ஒன்றின் கடைப் பெயர் போட்ட நாலணா அட்டைச் சீட்டு ஒன்று. அதன் பின்பக்கம் பேனாவில் 1118 என்று எழுதியிருக்கிறது, வரிசை எண் என்று நினைக்கிறேன். கூடவே கரையான் அரித்த கணக்குப் புத்தகங்கள் கொஞ்சம். அவற்றைப் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடலாம் என்கிறார்கள் வீட்டில்.

வாட்ஸ்அப்பில் ஒருவர் பாதி நோட்டுக்கும் சீட்டுக்கும் சேர்த்து 12 லட்சம் தருகிறேன் என்கிறார். முதலில் பதிவுக் கட்டணம் 4,999 ரூபாய் கட்ட வேண்டுமாம். இதையெல்லாம் பார்த்த பிறகு வெள்ளைக்காரர் காலத்துத் தனியார் வங்கி நோட்டுகளைச் சேகரிக்க எனக்கும் ஆசை வந்திருக்கிறது. 50,000 ரூபாய் ஒதுக்கி வைத்திருக்கிறேன். கோவையில் பழக்கமான வியாபாரி ஒருவர் 1850ஆம் வருடத்து பேங்க் ஆஃப் மெட்ராஸ் நோட்டு ஒன்றை 35,000 ரூபாய்க்குத் தருவதாகச் சொல்கிறார். வாங்கலாமா? எல்லாவற்றுக்கும் படம் அனுப்பியிருக்கிறேன்.

பதில்: அன்புள்ள நண்பருக்கு,

அவசரமான விஷயம் இரண்டு இருக்கிறது, அதை முதலில் சொல்லிவிடுகிறேன். வாட்ஸ்அப் ஆளுக்கு ஒரு பைசா அனுப்பாதீர்கள். பழைய நோட்டை வாங்க வருகிறவர் பணம் கொடுப்பார். விற்கிறவரிடம் பதிவுக் கட்டணம், வரி, கமிஷன் என்று கேட்கமாட்டார். ரிசர்வ் வங்கியின் பெயரையும் முத்திரையையும் போட்டே இந்த மோசடி நடந்ததால், 2021 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கியே எச்சரிக்கை வெளியிட்டது. பழைய நோட்டு, நாணய வியாபாரத்தில் தனக்குச் சம்பந்தம் இல்லை, தான் யாரிடமும் கட்டணம் கேட்பதில்லை, தன் பெயரில் வசூலிக்க யாருக்கும் அதிகாரம் கொடுக்கவும் இல்லை என்று தெளிவாகச் சொன்னது. ஒருவேளை ஏற்கெனவே கட்டியிருந்தால் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கு இன்றைக்கே கூப்பிடுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ அவ்வளவுக்குப் பணத்தை நிறுத்தி வைக்க வாய்ப்பு அதிகம்.

இரண்டாவது, அந்தக் கணக்குப் புத்தகங்கள். தயவு செய்து அவற்றைப் பேப்பர்காரரிடம் போடாதீர்கள். கரையான் தின்றது போக எவ்வளவு மிச்சம் இருந்தாலும் சரி. காரணத்தைப் பின்னால் சொல்கிறேன். பழைய தாள்களைப் பழுதுபார்ப்பதும் மதிப்பிடுவதும் என் தொழில். பெட்டியை மட்டும் வைத்துக்கொண்டு புத்தகங்களை எடைக்குப் போட்டுவிட்டு வருகிறவர்களை அடிக்கடி பார்க்கிறேன். உங்கள் வீட்டில் இன்னும் மூட்டை கட்டவில்லை என்பதே எனக்குப் பெரிய நிம்மதி.

இனி பேங்க் ஆஃப் மெட்ராஸ் நோட்டு. வாங்காதீர்கள். வெறும் படத்தை வைத்து ஒரு நோட்டை அசல் என்று சொல்ல முடியாது. ஆனால் போலி என்று சொல்லச் சில சமயம் படமே போதும். நீங்கள் அனுப்பிய இரண்டாம் படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். நோட்டின் நடுவில் மேலிருந்து கீழாக ஒரு மடிப்பு தெரிகிறது. அந்த மடிப்பு, கையெழுத்தின் குறுக்கே போகிறது. நிஜமாகவே நூற்றெழுபது வருடத்துக்கு முன் மடித்த தாள் என்றால், மடிப்பின் முதுகில் மை உதிர்ந்து, கையெழுத்துக் கோடு அங்கே ஒரு மயிரிழை விட்டுப் போயிருக்கும். உங்கள் படத்தில் மை எங்கேயும் அறுபடவில்லை. கோடு மடிப்பைத் தாண்டி வழுவழுவென்று போகிறது. காரணம், அங்கே மடிப்பே இல்லை. மடிப்பின் நிழலையும் சேர்த்து அச்சடித்திருக்கிறார்கள்.

அடுத்து பின்பக்கத்தைப் பாருங்கள். அன்றைக்குக் கையெழுத்து என்றால் வங்கி அதிகாரி பேனாவை மைக்கூட்டில் தொட்டுப் போட்டது. அந்த இரும்பு மை நாளாக ஆகப் பழுப்பாக மாறும், தாளுக்குள் இறங்கும், பின்பக்கத்தில் மங்கலாகத் தெரியும். மை கெட்டியாக விழுந்த இடத்தில் தாளையே அரித்து ஓட்டை போட்டுவிடும். உங்கள் நான்காம் படத்தில் பின்பக்கம் ஒரே சீரான மஞ்சள். தேநீரில் தோய்த்த தாள் இப்படித்தான் இருக்கும். வயதான தாள் ஓரத்தில் கறுத்து, நடுவில் வெளுத்து, தொட்ட இடத்தில் அழுக்கேறி, இடத்துக்கு இடம் மாறித்தான் இருக்கும்.

இன்னும் சந்தேகம் இருந்தால் நேரில் போய்ப் பார்க்கும்போது பத்து மடங்கு பெரிதாக்கும் நகைக்கடை லென்ஸ் ஒன்றும் சின்ன புறஊதா டார்ச் ஒன்றும் எடுத்துப் போங்கள். லென்ஸில் நிறப் புள்ளிகள் பொடிப்பொடியாகத் தெரிந்தால் அது நம் காலத்து அச்சு. செதுக்கிய உலோகத் தகட்டில் அடித்த பழைய அச்சில் கோடு கோடாகத்தான் இருக்கும். விளக்கைச் சாய்த்துப் பிடித்தால் மை தாளுக்கு மேலே மெல்லிய வரப்பாக எழும்பி நிற்பது தெரியும். டார்ச் வெளிச்சத்தில் தாள் நீல வெள்ளையாகப் பளிச்சிட்டால் அதில் வெளுப்பேற்றும் ரசாயனம் சேர்ந்திருக்கிறது. அது 1950க்குப் பிறகு பரவலான வழக்கம். ஒன்று மட்டும் மறக்க வேண்டாம். பளிச்சிட்டால் போலி என்று சொல்லலாம். பளிச்சிடவில்லை என்பதால் அசல் என்று சொல்லிவிட முடியாது. பழைய புத்தகத்தின் வெற்றுத்தாளைக் கிழித்து அச்சடிக்கிறவர்களும் இருக்கிறார்கள்.

வியாபாரி பழக்கமானவர் என்கிறீர்கள். அவரும் வேறு யாரிடமாவது ஏமாந்து வாங்கியிருக்கலாம். சண்டை போடாமல், வேண்டாம் என்று சொல்லிவிட்டு வாருங்கள். ஆனால் விலையையும் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். இந்த வகை நோட்டு அசலாக வெளியே வந்தால் ஏலத்தில் லட்சங்களில் போகும். 35,000 என்பது போலிக்கு ரொம்ப அதிகம், அசலுக்கு ரொம்பக் குறைவு. அசலின் விலையும் இல்லாமல் நகலின் விலையும் இல்லாமல் நடுவில் நிற்கும் இந்த மாதிரி விலைகளில்தான் புதிதாகச் சேகரிக்க வருகிறவர்கள் பணத்தை விடுகிறார்கள்.

ஏன் இவ்வளவு அரிது என்று தெரிந்தால் பாதி ஏமாற்றத்திலிருந்து தப்பிக்கலாம். பிரிட்டிஷ் இந்தியாவில் தனியார் நோட்டின் ஆயுள் 1770களிலிருந்து 1861 வரைதான். கல்கத்தாவில் அலெக்சாண்டர் அண்ட் கம்பெனி என்ற வணிக நிறுவனம் 1770இல் தொடங்கிய பேங்க் ஆஃப் ஹிந்துஸ்தான் நோட்டு வெளியிட்டது. அந்த நிறுவனம் 1832இல் நொடித்தபோது வங்கியும் போயிற்று. 1773இல் வாரன் ஹேஸ்டிங்ஸ் ஆதரவில் வந்த ஜெனரல் பேங்க் இரண்டே வருடத்தில் மூடப்பட்டது. நம் பக்கம் மெட்ராஸில் கர்நாடிக் பேங்க், ஏசியாட்டிக் பேங்க் என்று சில இருந்தன. பிறகு மூன்று பெரிய மாகாண வங்கிகள் வந்தன. 1806இல் பேங்க் ஆஃப் கல்கத்தா என்று தொடங்கி 1809இல் பெயர் மாறிய பேங்க் ஆஃப் பெங்கால், 1840இல் பேங்க் ஆஃப் பாம்பே, 1843இல் பேங்க் ஆஃப் மெட்ராஸ். இந்த மூன்றிலும் அரசுக்கும் பங்கு உண்டு, ஆகவே முழுத் தனியார் என்று சொல்ல முடியாது. ஆனாலும் சேகரிப்பாளர்கள் பேச்சில் இவையும் தனியார் நோட்டுக் கணக்கில்தான் வரும். 1861இல் காகிதப் பணச் சட்டம் வந்தது. 1862 மார்ச் 1 முதல் நோட்டு அடிக்கும் உரிமை அரசாங்கத்துக்கு மட்டும் என்றாயிற்று.

அந்த நோட்டு என்பது, கொண்டு வருகிறவருக்குக் கேட்டவுடன் வெள்ளி ரூபாய் தருகிறேன் என்ற வாக்குறுதி. நோட்டு வைத்திருந்தவர் வங்கிக்குப் போனார், வெள்ளியை வாங்கிக்கொண்டார், வங்கி நோட்டை ரத்து செய்து அழித்தது. அதுவும் பெரிய தொகைக்கான நோட்டுகள். மறதியாகப் பெட்டியில் விட்டுவைக்கிற பணமல்ல. வாக்குறுதி ஒழுங்காக நிறைவேறியதால்தான் தாள் மிஞ்சவில்லை. மிஞ்சியவற்றிலும் பல, கையெழுத்துப் பகுதி கிழிக்கப்பட்டோ துளையிடப்பட்டோ ரத்தானவை, அல்லது மாதிரிக்கு அடித்துப் பார்த்த தாள்கள். உங்கள் 50,000 ரூபாயை வைத்துக்கொண்டு இந்த வரிசையில் இறங்கினால் கைக்கு வருவதெல்லாம் நகலாகத்தான் இருக்கும்.

சரி, உங்கள் பெட்டிக்கு வருவோம். என் கண்ணுக்கு அந்தப் பெட்டி, கோவை வியாபாரியின் நோட்டைவிடப் பல மடங்கு மேல்.

பாதி நோட்டு அசல் போலத்தான் தெரிகிறது, ஆனால் அது தனியார் நோட்டு இல்லை. இந்திய அரசாங்கத்தின் நோட்டு. 1867 முதல் வந்த பச்சை அடிநிற வரிசையைச் சேர்ந்தது, ஒரு பக்கம் மட்டும் அச்சடித்தது. மெட்ராஸ் என்று இருப்பது வட்டத்தின் பெயர். அன்றைக்கு நோட்டு நாடு முழுக்கச் செல்லாது. எந்த வட்டத்தின் பெயர் இருக்கிறதோ அங்கேதான் சட்டப்படி செல்லும். மெட்ராஸ் வட்டத்துக்குக் கீழே கோழிக்கோடு போன்ற துணை வட்டங்களும் இருந்தன. 10 ரூபாய் நோட்டு நாடு முழுவதற்கும் பொதுவானது 1910இல்தான். பாதியாக வெட்டியிருப்பது சேதமல்ல, அன்றைய வியாபாரிகளின் பாதுகாப்பு முறை. தபாலில் பணம் அனுப்பும்போது நோட்டை இரண்டாக வெட்டி முதல் பாதியை அனுப்புவார்கள். வந்து சேர்ந்தது என்று பதில் கடிதம் கிடைத்த பிறகு மறு பாதி போகும். இரண்டையும் ஒட்டிப் பணமாக்கிக்கொள்ள வசதியாக நோட்டு எண் இரண்டு இடத்தில் அச்சாகியிருக்கும். உங்கள் பாதியில் எண் தெளிவாக இருக்கிறது. பெட்டியில் உள்ள கடிதங்களிலோ கணக்கிலோ அதே எண் எங்காவது குறித்திருக்கிறதா என்று தேடுங்கள். நோட்டு அனுப்பும்போது எண்ணை எழுதி வைத்துக்கொள்வது வழக்கம். தனிப் பாதிக்கு விலை குறைவுதான். எண்ணோடு ஒரு கடிதம் கிடைத்தால் நிலைமையே வேறு.

மூன்றணாத் தாள் பணமே அல்ல, வியாபாரிகள் எழுதிக்கொள்ளும் உண்டியல். ராஜா தலையும் மூன்றணாவும் முத்திரை வரி கட்டியதற்கான அச்சு. தொகை கீழே கையால் எழுதியதில் இருக்கிறது. படத்தில் எனக்குப் படிக்க முடிந்தவரை பொள்ளாச்சியில் எழுதிய தவணை உண்டியல். இந்த நாள் கழித்து இன்னாருக்கு இவ்வளவு கொடுக்கவும் என்று ஒரு வியாபாரி இன்னொருவருக்கு எழுதியது. தனியார் தாளில் நிஜமான பெரும்பணம் புரண்டது இதில்தான். நோட்டு அடிக்கும் உரிமை தனியாரிடமிருந்து போன பிறகும் தவணை உண்டியல் ஓடிக்கொண்டே இருந்தது. இன்றைக்கும் இதை முத்திரைத்தாள் சேகரிப்பாளர்கள் தலைக்காக மட்டும் வாங்குகிறார்கள். சிலர் தலையை மட்டும் வெட்டி வைத்துக்கொண்டு மீதியைத் தூக்கிப் போடுகிறார்கள். வெட்டிக் கொடுக்கச் சொல்லி யாராவது கேட்டால் கொடுக்காதீர்கள்.

வங்கி ரசீது வைப்புத்தொகைக்கானது. அந்த வங்கி 1937இல் இரண்டு வங்கிகள் இணைந்து உருவாகி, 1938இல் மூடியது. திருவிதாங்கூரில் பெரிய அரசியல் புயலை எழுப்பிய விவகாரம் அது. அதேபோல மெட்ராஸில் 1906இல் விழுந்த அர்பத்நாட் கம்பெனியின் தாள்களையும் ‘அர்பத்நாட் நோட்டு’ என்று சிலர் விற்கிறார்கள். பிரிட்டிஷ் இந்தியாவில் 1862க்குப் பிறகு தேதியிட்ட எந்தத் தனியார் வங்கித் தாளும் பணநோட்டு ஆகாது. ரசீது, காசோலை, பங்குப் பத்திரம் இவற்றில் ஏதோ ஒன்றாகத்தான் இருக்கும். ரசீதைக் குடும்பத்தில் வைத்திருங்கள். அப்பிச்சிக்கு அந்தப் பணம் திரும்பி வந்ததா என்பது வீட்டில் யாருக்காவது ஞாபகம் இருக்கலாம்.

இப்போது நாலணாச் சீட்டு. உங்கள் படங்களில் நான் ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தது இதைத்தான். தடித்த அட்டை, ஓரம் கத்தரியால் வெட்டியது. ஒரு பக்கம் நேராகவும் எதிர்ப்பக்கம் லேசாகச் சாய்வாகவும் இருக்கிறது. முன்பக்கம் எஸ்டேட் கடையின் பெயரும் நாலணாவும். ஊதா ரப்பர் முத்திரை பாதி அட்டைக்கு வெளியே போயிருக்கிறது. பெரிய தாளில் வரிசையாக முத்திரை குத்திவிட்டுப் பிறகு வெட்டியிருக்கலாம். கீழே தமிழில் ‘கடைச் சரக்குக்கு மட்டும்’ என்று ஒரு வரி. அந்த வரிக்குக் காரணம் இருந்திருக்கலாம். கொண்டு வருகிறவருக்குக் கேட்டவுடன் பணம் தருகிறேன் என்று தனியார் யாரும் எழுதிக் கொடுக்கக் கூடாது என்று 1934ஆம் வருட ரிசர்வ் வங்கிச் சட்டத்தின் 31ஆம் பிரிவு சொல்கிறது. அதற்கு முந்தைய காகிதப் பணச் சட்டங்களிலும் இதே தடை உண்டு. அதனால் இந்த மாதிரிச் சீட்டு அடித்தவர்கள் பணம் என்று போடாமல் சரக்கு என்று போட்டிருக்கலாம்.

பின்னால் இருக்கும் 1118ஐ நீங்கள் வரிசை எண் என்று நினைக்கிறீர்கள். எனக்கு அது மலையாள நாட்டில் வழங்கும் கொல்லம் ஆண்டு என்று படுகிறது. உங்கள் ஊர் இருக்கும் சித்தூர் தாலுகா அன்றைக்குக் கொச்சி ராஜ்யம். கிழக்கே பொள்ளாச்சியும் மேற்கே பாலக்காடும் மெட்ராஸ் மாகாணம். உங்கள் ஊரில் கணக்கெழுதியவர்கள் கொல்லம் ஆண்டு போட்டிருப்பது இயல்பு. கொல்லம் 1118 என்றால் 1942 ஆகஸ்டிலிருந்து 1943 ஆகஸ்ட் வரை.

அந்த வருடம் நாடு முழுக்கச் சில்லறைப் பஞ்சம். யுத்தத்துக்கு உலோகம் தேவைப்பட்டது. 1940இல் ரூபாயிலும் நாலணாவிலும் வெள்ளியைப் பாதியாகக் குறைத்தார்கள். பழைய காசை ஜனங்கள் பதுக்கினார்கள். ஒரு ரூபாய் நோட்டை மறுபடி வெளியிட்டார்கள். 1943இல் செம்பை மிச்சம் பிடிக்க நடுவில் துளை போட்ட ஓட்டைக் காலணா வந்தது. பிகானேர், ஜூனாகத், மோர்வி போன்ற சமஸ்தானங்கள் அணா, பைசாவுக்குச் சின்னச் சின்ன அட்டைக் கூப்பன்களை அடித்துப் புழக்கத்தில் விட்டன. அதே நெருக்கடி மலைமேல் ஒரு தோட்டத்துக் கடைக்கும் வந்திருக்கும். ஆட்களுக்கு அரிசி, எண்ணெய் கொடுக்க வேண்டும், மீதி கொடுக்கக் காசு இல்லை. மேலாளர் அட்டையை வெட்டி முத்திரை குத்தியிருப்பார். மண்டிக்காரரான உங்கள் அப்பிச்சி அந்தக் கடைக்குச் சரக்குப் போட்டிருந்தால், சீட்டு அவர் கைக்கு வந்ததற்கும் காரணம் கிடைத்துவிடுகிறது.

கவனியுங்கள், இதெல்லாம் இப்போதைக்கு என் ஊகம். 1118 வெறும் எண்ணாகவும் இருக்கலாம். ஊகத்தை உறுதியாக்கவோ தள்ளிவிடவோ முடிந்த ஒரே சாட்சி அந்தக் கரையான் அரித்த புத்தகங்கள்தான். அவற்றில் அன்றாட வரவு செலவு எழுதிய சிட்டை எது, ஆள் பேரில் தனித்தனியாகப் பற்று வரவு எழுதிய பேரேடு எது என்று முதலில் பிரியுங்கள். சிட்டையின் மேல் மூலையில் கொல்லம் ஆண்டும் மாதமும் இருக்கும். 1117, 1118, 1119 மூன்றையும் எடுத்துக்கொண்டு எஸ்டேட் பெயரைத் தேடுங்கள். தமிழ் எண்களும் கால், அரைக்கால், மாகாணிக் குறிகளும் வந்தால் குழம்ப வேண்டாம். ரூபாயில் பதினாறில் ஒன்று மாகாணி, அதாவது ஓரணா. சீட்டு வரவு என்றோ எஸ்டேட் அட்டை என்றோ ஒரு வரி கிடைத்துவிட்டால், யார் அடித்தார், யார் வாங்கினார், எந்த மாதம், எத்தனை நாலணா என்று எல்லாம் அந்தப் பக்கத்திலேயே இருக்கும். தனியார் பணம் சேகரிக்கிறவர்கள் கையில் சீட்டு இருக்கும், காசுக்குப் பதிலாகக் கொடுத்த உலோக வில்லை இருக்கும். அது யார் கையிலிருந்து யார் கைக்குப் போனது என்று சொல்லும் கணக்கு அநேகமாக யாரிடமும் இருக்காது. உங்களிடம் இரண்டும் ஒரே பெட்டியில் இருக்கின்றன. கணக்கைப் போட்டுவிட்டுச் சீட்டை வைத்துக்கொண்டால் உங்களிடம் இருப்பது ஒரு பழைய அட்டை, அவ்வளவுதான்.

வரி கிடைத்தால் அந்தப் பக்கத்தைக் கிழித்துச் சீட்டோடு வைத்துவிடாதீர்கள். சீட்டைப் பக்கத்தில் வைத்துப் படம் எடுங்கள், போதும்.

பாதுகாப்பு பற்றிச் சுருக்கமாக. புத்தகங்களை இப்போது இருக்கும் சுவரோரத்திலிருந்து எடுத்து, தரையிலிருந்து உயர்த்தி, காற்றோட்டமான இடத்தில் வையுங்கள். கரையான் மண்ணை மெல்லிய தூரிகையால் வெளிப்பக்கமாகத் தட்டிவிடுங்கள். வெயிலில் காயப் போடக் கூடாது. மார்கழி, தை மாதத்தில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வறண்டு அடிக்கும்போது பிரித்துப் பார்ப்பது நல்லது. ஆடி மழையில் பெட்டியைத் திறக்கவே வேண்டாம். துருப்பிடித்த குண்டூசியை இழுக்காதீர்கள், தாளைத்தான் மெதுவாக ஊசியிலிருந்து நகர்த்த வேண்டும். செல்லோடேப், பசை, லேமினேஷன் மூன்றும் தாளுக்கு எமன். இஸ்திரி போட்டு மடிப்பை எடுக்கிறேன் என்று யாராவது சொன்னால் கையிலேயே கொடுக்காதீர்கள்; சேகரிப்பாளர்கள் மடிப்பை மன்னிப்பார்கள், இஸ்திரியை மன்னிக்கமாட்டார்கள். நோட்டு, உண்டியல், சீட்டு ஒவ்வொன்றையும் தனித்தனி பாலியெஸ்டர் உறையில் போடுங்கள். கடையில் மலிவாகக் கிடைக்கும் நெகிழும் பிவிசி ஆல்பம் வேண்டாம். அது நாளடைவில் பிசுபிசுத்துத் தாளில் ஒட்டும். ராமபாணப் பூச்சிக்கு வசம்பைத் துணியில் முடிந்து பெட்டி மூலையில் வைக்கலாம், தாளில் படாமல்.

சட்டம் ஒன்றும் தெரிந்திருக்க வேண்டும். நூறு வருடம் தாண்டிய பொருள் 1972ஆம் வருடத் தொல்பொருள் சட்டத்தின் கீழ் வரக்கூடும். கையெழுத்து ஆவணத்துக்கு எழுபத்தைந்து வருடமே போதும். அப்படி வருவதைத் தனி ஆள் வெளிநாட்டுக்கு அனுப்பக் கூடாது. வெளிநாட்டு ஏலத்துக்குத் தபாலில் அனுப்புங்கள், தரச் சான்றிதழுக்கு அனுப்புங்கள் என்று யாராவது சொன்னால் அந்தப் பேச்சை அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

இனி உங்கள் 50,000. சேகரிக்க வேண்டும் என்ற ஆசை நல்ல ஆசை, விட்டுவிட வேண்டாம். முதலில் ஒரு சின்னத் தொகையை லென்ஸ், டார்ச், உறைகள், பெங்களூருக்கு ரயில் டிக்கெட் இவற்றுக்குச் செலவிடுங்கள். ரெஸ்வான் ரசாக் அமைத்த இந்தியத் தாள் பண அருங்காட்சியகம் அங்கே இருக்கிறது. அசலை ஒரு முறை அருகில் நின்று பார்த்த கண்ணுக்குப் போலி தானாகவே உறுத்தும். எத்தனை படம் பார்த்தாலும் அது வராது.

அதற்குப் பிறகும் பெங்கால், பாம்பே, மெட்ராஸ் நோட்டுகளின் பின்னால் போகாதீர்கள். உங்கள் எல்லைப் பகுதியின் தனியார் பணத்தைச் சேகரியுங்கள். பாலக்காடு, பொள்ளாச்சி வியாபாரிகளின் உண்டியல்கள், நெல்லியாம்பதி, வால்பாறை, மூணாறு, பீருமேடு தோட்டங்களின் சீட்டுகளும் உலோக வில்லைகளும், ஏலச்சீட்டு நடத்தும் திருச்சூர்க் குறிக் கம்பெனிகளின் பாஸ்புத்தகங்கள், மூடிப்போன வங்கிகளின் காசோலைகள். ஒப்பிட்டுப் படிக்க யுத்த காலத்துச் சமஸ்தானக் கூப்பன் இரண்டு மூன்று வாங்கி வைத்துக்கொள்ளலாம். மாஹே ஒரு காலத்தில் பிரெஞ்சுப் பகுதி என்பதால், புதுச்சேரிக்காக பாங்க் து லிண்டோஷின் என்ற தனியார் வங்கி வெளியிட்ட ரூபாய் நோட்டும் உங்கள் எல்லைக்குள் வரும்; கவர்னர் துய்ப்ளே உருவம் போட்டதும் அதில் உண்டு. ஆனால் அதில் கை வைப்பதை இரண்டு வருடம் தள்ளிப் போடுங்கள், விலையும் அதிகம், நகலும் அதிகம். எதை வாங்கினாலும் ரசீது கேளுங்கள். போலி என்று தெரிந்தால் திருப்பி எடுத்துக்கொள்வதாக அதில் எழுதி வாங்குங்கள். எழுதித் தரமாட்டேன் என்கிறவரிடம் வாங்க வேண்டாம். பொருளோடு எங்கே, யாரிடம், என்ன விலைக்கு, அவருக்கு அது எப்படி வந்தது என்பதையும் ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வாருங்கள்.

உங்கள் சீட்டுக்கு என்ன விலை என்று கேட்கத் தோன்றும். இம்மாதிரிச் சீட்டுக்கு நிலையான விலை கிடையாது. அடுத்தடுத்துச் சில விற்றால்தான் விலை என்று ஒன்று உருவாகும். சிட்டையைப் படித்து முடிக்கும் வரை யார் என்ன தொகை சொன்னாலும் கொடுக்காதீர்கள். படித்து முடித்த பிறகும் விற்க வேண்டிய கட்டாயம் இல்லை என்றால், என் யோசனை, பெட்டியைப் பிரிக்காமல் வைத்திருங்கள்.

இன்னும் ஒரு வேலை, இதைத் தள்ளிப் போட முடியாது. நெம்மாறையிலோ நெல்லியாம்பதியிலோ 1943இல் தோட்டத்தில் இருந்த, தொண்ணூறு தாண்டிய பெரியவர்கள் ஒருவர் இருவராவது இன்னும் இருப்பார்கள். சீட்டின் படத்தைக் கொண்டுபோய்க் காட்டுங்கள். இந்த அட்டை ஞாபகம் இருக்கிறதா, சம்பளத்தில் இதைக் கொடுத்தார்களா அல்லது கடை மீதிக்கு மட்டுமா, நெம்மாறைச் சந்தையில் வேறு கடைக்காரர்கள் இதை வாங்கிக்கொண்டார்களா, நாலணாவுக்கு முழு நாலணாச் சரக்கு கிடைத்ததா என்று கேளுங்கள். சொல்வதை அவர்கள் பேச்சிலேயே தேதி போட்டு எழுதி, 1118ஆம் வருடச் சிட்டைப் பக்கங்களின் படத்தோடு எனக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள். சீட்டை மேசையில் வைத்து, பக்கவாட்டில் டார்ச் அடித்து எடுத்த படம் ஒன்றும் வேண்டும். முத்திரையில் பாதி மங்கிய எழுத்துகள் அந்த வெளிச்சத்தில்தான் படிக்க வரும்.